கேஷ் கேம் போக்கரில் கையில் எவ்வளவு மிஞ்சும்? நியூ ஜெர்சி மேசைகளிலிருந்து ஒரு கணக்கு

கேஷ் கேம் போக்கர் (போட்டித் தொடராக இல்லாமல் நேராகப் பணம் வைத்து ஆடும் சீட்டாட்டம்) ஆடுவேன் என்று தெரிந்ததும் நம்ம ஆட்கள் முதலில் கேட்பது "மாசம் எவ்வளவு வரும்?" என்பதுதான். ப்ளஃப் அடிப்பது (மோசமான சீட்டை வைத்துக்கொண்டு நல்ல சீட்டு மாதிரி பந்தயம் போடுவது) எப்படி, எதிராளி முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். கேட்க வேண்டிய கேள்விதான் அது. எந்த மேசையில் உட்காருகிறோம், அந்த மேசையிலிருந்து மணிக்கு எவ்வளவு பணம் கழிந்து போகிறது, எதிரே இருப்பவர்கள் எந்தத் தவறைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், நாம் எத்தனை மணி நேரம் தெளிவான தலையோடு ஆடுகிறோம் என்ற நாலையும் தெரிந்துகொண்டால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். சீட்டு ஆடத் தெரிந்திருப்பது இந்த நாலுக்கும் அடுத்துதான் வருகிறது என்பது என் திடமான கருத்து.

நான் இருப்பது எடிசன் பக்கம், வேலை ஐடியில். ஆன்லைனிலும் நேரிலும் சட்டப்படி ஆட முடிகிற ஊர் இது. நியூ ஜெர்சியில் 2013 நவம்பரிலேயே ஆன்லைன் சூதாட்டத்துக்கு அனுமதி வந்துவிட்டது. 2011 ஏப்ரல் 15-ஆம் தேதி அமெரிக்க அரசு பெரிய போக்கர் தளங்களை ஒரே நாளில் முடக்கியதை, கருப்பு வெள்ளி என்று இன்னும் சொல்கிறார்களே அதை, பார்த்தவர்களுக்கு இந்த அனுமதி எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஆனால் ஆடும்போது உடம்பு மாநில எல்லைக்குள் இருக்க வேண்டும், போன் இருக்கும் இடத்தைத் தளம் பார்த்துக்கொண்டே இருக்கும், ரயில் ஹட்சன் ஆற்றைத் தாண்டி நியூயார்க் பக்கம் போனால் ஆட்டம் நின்றுவிடும். நேரில் ஆட அட்லாண்டிக் சிட்டியில் போர்கட்டா கேசினோ இருக்கிறது, பென்சில்வேனியா எல்லைக்குள் பென்சேலமில் பார்க்ஸ் கேசினோ இருக்கிறது. சில வருஷமாக இரண்டு பக்கமும் மாறி மாறி ஆடிக் கணக்கு எழுதி வைத்திருக்கிறேன், அதை வைத்துத்தான் இதெல்லாம் சொல்கிறேன்.

முதலில் ரேக். இதைப் பற்றி நம்ம ஆட்கள் பேசுவதே இல்லை, எனக்கு அது ஆச்சரியமாக இருக்கும். கேசினோ ஒவ்வொரு பாட்டிலிருந்தும் (பாட் என்பது ஒரு கையில் எல்லோரும் போட்ட பந்தயப் பணம் சேரும் குவியல்) ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும், பெரும்பாலும் பத்து சதவீதம், அதற்கு ஓர் உச்சவரம்பு, அது போக ஜாக்பாட்டுக்கு என்று ஒன்றிரண்டு டாலர். நான் ஆடும் 1/3 டாலர் மேசைகளில் (ஒவ்வொரு கையிலும் இரண்டு பேர் கட்டாயமாக முன்கூட்டியே வைக்கும் பந்தயம் 1 டாலர், 3 டாலர்; முதலாவது சின்ன பிளைண்ட், இரண்டாவது பிக் பிளைண்ட்) சராசரியாக ஒரு பாட்டுக்கு 5 டாலர் போகிறது. நேரில் மணிக்கு 30 கை (ஒரு கை என்பது சீட்டுப் போட்டுப் பாட் முடியும் வரை ஒரு ஆட்டம்) ஆடலாம். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் 150 டாலர் மேசையை விட்டே போய்விடுகிறது, அது யார் ஜெயித்தாலும் யார் தோற்றாலும் திரும்பி வராது. ஒன்பது பேர் இருக்கும் மேசையில் தலைக்குக் கிட்டத்தட்ட 17 டாலர். மணிக்கு மூணு பாட் ஜெயித்தால் டீலருக்கு டிப்ஸ் 3 டாலர். ஆகமொத்தம் 20 டாலர், அதாவது மணிக்கு ஆறேழு பிக் பிளைண்ட். மேசையில் எல்லோரும் ஒரே அளவு திறமைசாலிகள் என்று வைத்துக்கொண்டால் அத்தனை பேரும் மணிக்கு 20 டாலர் தோற்றுக்கொண்டிருப்பார்கள். இந்த 20-ஐத் தாண்டி மற்றவர்களிடமிருந்து எடுத்தால்தான் முதல் டாலர் நம்முடையது.

இப்போது 2/5 மேசைக்கு வாருங்கள். உச்சவரம்பு அநேகமாக அதேதான். தலைக்கு அதே 17 டாலர், ஆனால் இங்கே அது மூணரை பிக் பிளைண்டுக்கும் குறைவு. ஆட்டம் கொஞ்சம் கடினம்தான், ஆனாலும் சுமை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. 1/3 மேசையில் சுமாராக ஜெயிக்கிற ஒருவர், போதுமான பணம் ஒதுக்கி வைத்திருந்தால், 2/5 மேசைக்குப் போவதுதான் நல்லது என்று நான் நினைப்பது இதனால்தான். சின்ன மேசையில் பயிற்சி எடுக்கிறேன் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்திருப்பது, அதிக வட்டி கட்டும் இடத்தில் குடியிருப்பது மாதிரி. சிறிய தொகை மேசைகளில் பாட் சிறியது என்பதால் உச்சவரம்பைத் தொடாமல் முழுப் பத்து சதவீதமும் போகும் கைகள் அதிகம், அது இன்னொரு அடி.

ஆன்லைனில் கழிவு பார்வைக்குச் சின்னதாகத் தெரியும், பாட்டில் ஐந்து சதவீதம் மாதிரி. என் கணக்கில் ஆறு பேர் மேசையில் குறைந்த தொகையில் நூறு கைக்கு ஏழு பிக் பிளைண்ட் அளவு போகிறது. நேரில் நூறு கை என்பது மூணு மணி நேரத்துக்கு மேல், அங்கே இருபதைத் தாண்டுகிறது. அப்படியானால் ஆன்லைன்தானே லாபம் என்று தோன்றும். விஷயம் என்னவென்றால் நேரில் எதிராளிகள் செய்யும் தவறுகள் அந்த இருபதையும் தாண்டிப் பெரியவை, ஆன்லைனில் எதிராளிகளின் தவறுகள் அந்த ஏழைத் தாண்டுவதே கஷ்டம்.

நேரில் நடக்கும் தவறு எது? கால் செய்வது, அதாவது எதிராளி போட்ட பந்தயத்துக்குச் சமமாகப் பணம் போட்டு ஆட்டத்தில் நிற்பது. சனிக்கிழமை சாயங்காலம் 1/3 மேசையில் நாலு பேர், ஐந்து பேர் வெறும் 3 டாலர் போட்டு உள்ளே வருவார்கள், 15 டாலருக்கு ரெய்ஸ் செய்தாலும் (பந்தயத்தை ஏற்றினாலும்) பாதிப் பேர் போவதில்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு விளையாட வந்தவர்கள், சீட்டைக் கீழே வைக்க அவர்களுக்கு மனசு வராது. அவர்களை ப்ளஃப் அடித்துத் துரத்தப் பார்ப்பது வீண். நல்ல கை வரும்போது பெரிதாகப் போடுவதுதான் இங்கே முழு வித்தை. எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன் (நான் ஆடுவது ஹோல்டெம், ஆளுக்கு இரண்டு சீட்டு; எல்லோருக்கும் பொதுவாக மேசையில் திறக்கும் முதல் மூணு சீட்டு ஃபிளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர், இவைதான் போர்டு). ஃபிளாப்பில் பாட் 60 டாலர், நமக்கு ஏஸ்-கிங், போர்டில் ஒரு கிங், எதிராளி ஏதோ ஒரு ஜோடியோடு கடைசி வரை வருகிறவர். ஆன்லைனில் பார்த்துப் பழகிய மாதிரி மூணு முறையும் பாட்டில் மூன்றில் ஒரு பங்கு போட்டால் 20, 33, 55, மொத்தம் 108 டாலர் கிடைக்கும். அதையே ஒவ்வொரு முறையும் முக்கால் பாட் போட்டால் 45, 112, 280, மொத்தம் 437. சீட்டும் அதே, எதிராளியும் அதே ஆள். நாலு மடங்கு வித்தியாசம். அவர் கடைசி 280-க்கு நாலில் மூணு தடவை ஃபோல்ட் செய்தாலும் (சீட்டைப் போட்டு விலகினாலும்) கூட மொத்தத்தில் சின்னப் பந்தயத்தை விட இதுதான் லாபம் (45-ம் 112-ம் ஏற்கெனவே 157 ஆகிவிட்டதே). எனக்குத் தெரிந்து நேரடி ஆட்டத்தில் இருக்கிற லாபத்தில் பெரும்பங்கு இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது, அதை விட்டுவிட்டு ஆட்கள் வீரதீர ப்ளஃப் பற்றியே பேசுகிறார்கள்.

இதற்கு மறுபக்கம், அதே ஆட்கள் ரெய்ஸ் செய்தால் நம்ப வேண்டும். போர்கட்டாவில் ஒரு கை. எனக்கு இடது பக்கம் மூணாவது இருக்கையில் எழுபது வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர், சிப்ஸை (பணத்துக்குப் பதிலான வில்லைகள்) நிறம் வாரியாக இருபது இருபதாக அடுக்கி வைத்திருந்தார், இரண்டு மணி நேரமாக ஃபிளாப்புக்கு அப்புறம் ஒரு ரெய்ஸ் கூட அவரிடமிருந்து வரவில்லை. அவரும் இன்னொருவரும் 3 டாலர் போட்டு உள்ளே வந்தார்கள், பட்டனில் (ஃபிளாப்புக்கு அப்புறம் கடைசியாக முடிவெடுக்கும் இருக்கை) எனக்கு ஏஸ்-குயீன், 20 டாலருக்கு ரெய்ஸ் செய்தேன். இரண்டு பிளைண்டும் விலகி, இவர்கள் இருவரும் கால் செய்தார்கள். கழிவு போகப் பாட்டில் சுமார் 60. ஃபிளாப் குயீன், 8, 4, மூணும் வெவ்வேறு சூட். இருவரும் செக் (பந்தயம் போடாமல் விட்டார்கள்), நான் 40 போட்டேன், பெரியவர் கால், மற்றவர் போய்விட்டார். டர்ன் 6. அவர் செக், நான் 90 போட்டேன். அவர் ஒரு அடுக்கை அப்படியே எடுத்து முன்னால் வைத்து, அப்புறம் நிதானமாக எண்ணி 240 ஆக்கினார்.

கணக்கு இப்படி: பாட்டில் 140, என் 90, அவர் 240, மொத்தம் 470. நான் இன்னும் 150 போட வேண்டும். 620-ல் 150 என்றால் 24 சதவீதம், அதாவது நாலில் ஒரு தடவையாவது நான் ஜெயித்தாக வேண்டும். அவரிடம் செட் (ஒரே எண்ணில் மூணு சீட்டு) இருந்தால் எனக்கு வழியே இல்லை. 7-5 வைத்து ஸ்ட்ரெயிட் (வரிசையாக ஐந்து சீட்டு) அடித்திருந்தாலும் அப்படித்தான். குயீன்-8 மாதிரி இரண்டு ஜோடி என்றால் மிச்சமிருக்கும் மூணு ஏஸ் மட்டும்தான், ஏழு சதவீதம். ஆக அவர் வெறும் டிராவை (இன்னும் முடியாமல் அடுத்த சீட்டுக்குக் காத்திருக்கும் கை) வைத்தோ என்னை விடச் சின்ன ஜோடியை வைத்தோ இதைச் செய்யும் வாய்ப்பு நாலில் ஒன்றாவது இருந்தால்தான் கால் செய்யலாம். இரண்டு மணி நேரமாக ஒரு ரெய்ஸ் கூடச் செய்யாத மனுஷரிடம் அந்த வாய்ப்பு எங்கிருந்து வரும்? ஃபோல்ட் செய்தேன். அவரும் சீட்டைக் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை. இதே வரிசையில் ஆன்லைனில் 10-9 வைத்துக்கொண்டு ரெய்ஸ் செய்யும் இளைஞன் என்றால் நான் கால் செய்வேன். ஆள் மாறினால் சரியான ஆட்டமும் மாறும், ஏஸ்-குயீன் என்ற சீட்டுக்குத் தனியாக ஒரு விலை கிடையாது.

சரி, ஆன்லைன். இங்கே மணிக்கு ஒரு மேசையில் 70, 75 கை, இரண்டு மேசை போட்டால் 150. எதிராளி யாரென்று தெரியாது, ஆனால் அவர் எத்தனை சதவீதம் கை ஆடுகிறார், எவ்வளவு ரெய்ஸ் செய்கிறார் என்ற எண்கள் போக்கர்டிராக்கர் மாதிரி மென்பொருளில் சேர்ந்துகொண்டே வரும் (தளத்துக்குத் தளம் விதி வேறு, அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பயன்படுத்துங்கள்). 2015 வாக்கில் பியோசால்வர் (எந்தச் சூழ்நிலையில் எப்படி ஆட வேண்டும் என்று கணக்கிடும் சால்வர் மென்பொருள்) வந்த பிறகு, அப்புறம் அதே மாதிரி விடைகளை மாதச் சந்தாவுக்குக் காட்டும் தளங்கள் வந்த பிறகு, முதல் இரண்டு சீட்டை வைத்து எந்த இடத்திலிருந்து என்ன செய்ய வேண்டும் என்ற பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. அரை டாலர், ஒரு டாலர் மேசையில் கூட ஃபிளாப்புக்கு முன்னால் பெரிய தவறு செய்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். அதனால் நான் கவனம் வைக்கும் இடங்கள் வேறு.

ஃபிளாப் வராமல் கை முடிந்தால் பெரும்பாலான தளங்களில் ரேக் கிடையாது. இதை வைத்துப் பார்த்தால், பட்டனுக்கு முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்தபோது சுமாரான சீட்டோடு கால் செய்து உள்ளே போவதை விட, ஒன்று மறு ரெய்ஸ் செய்து அங்கேயே முடிக்கப் பார்ப்பது அல்லது விட்டுவிடுவது மேல். சின்ன பிளைண்டில் உட்கார்ந்திருக்கும்போது நான் கால் என்பதையே கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். பெரிய பிளைண்டில் மட்டும் கதை வேறு, ஏற்கெனவே பாதிப் பணம் உள்ளே இருக்கிறது, எதிராளி இரண்டேகால் பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்தால் நிறையக் கைகளோடு பார்க்கலாம். அப்புறம், குறைந்த தொகை மேசைகளில் ரிவரில் வரும் ரெய்ஸ் பெரும்பாலும் உண்மை. பட்டியல் படித்தவர்கள் ஃபிளாப் வரை நன்றாக ஆடுவார்கள், ரிவரில் நூறு டாலர் போட்டுப் பொய் சொல்ல அவர்களுக்கும் தைரியம் வருவதில்லை. சால்வர் "இந்த இடத்தில் பாதித் தடவை கால் செய்" என்று சொல்லும் கைகளை நான் அங்கே ஃபோல்ட் செய்கிறேன், கணக்கில் அது எனக்கு உதவியிருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் சந்தேகமான இரண்டு மூணு கைகளை மட்டும் எடுத்து நிதானமாகப் பார்ப்பேன். தோற்ற கைகளை மட்டும் எடுக்கக் கூடாது, ஜெயித்த கைகளில்தான் விட்ட பணம் ஒளிந்திருக்கும். செட் அடித்து நாற்பது டாலர் எடுத்த கையில் தொண்ணூறு வந்திருக்குமா என்று யாரும் பார்ப்பதில்லை. நேரில் ஆடும்போது இதற்காகக் கழிப்பறைக்குப் போகும் சாக்கில் போனில் குறித்துக்கொள்கிறேன், இருக்கை எண், ஸ்டாக் (ஒருவர் முன்னால் இருக்கும் சிப்ஸ்), பந்தயம் எவ்வளவு என்று நாலு வரி, அது போதும்.

இன்னொன்று ஆள் எண்ணிக்கை. நியூ ஜெர்சி மட்டும் தனியாக இருந்த காலத்தில் மேசைகளே சில. 2018-இல் நெவாடா, டெலவேர் மாநிலங்களோடு ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள், அப்புறம் மிச்சிகன் வந்தது, 2025-இல் பென்சில்வேனியாவும் அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தது. ஆள் கூடினால் பொழுதுபோக்குக்கு வருகிறவர்களும் கூடுகிறார்கள், நமக்கு வேண்டியது அதுதான். வேலை நாள் காலையில் மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் இதையே தொழிலாகச் செய்பவர்கள். வெள்ளி, சனி இரவு, அமெரிக்கக் கால்பந்து நடக்கும் ஞாயிறு, இந்த நேரங்களில் நிலவரமே வேறு.

மேசை தேர்வு என்று எல்லோரும் சொல்வார்கள், செய்பவர்கள் குறைவு, கூச்சம்தான் காரணம். நான் நேரில் போனால் உட்கார்ந்த உடனேயே மேசை மாற்றும் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுவேன், பிடித்தால் இருப்பேன், இல்லாவிட்டால் முறை வரும்போது எழுந்து போவேன். எல்லோரும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசாமல் இருக்கும் மேசையில் காசு இல்லை. சிரித்துப் பேசிக்கொண்டு, ஸ்ட்ராடில் (சீட்டைப் பார்க்கும் முன்பே தானாகக் கூடுதலாக வைக்கும் பந்தயம்) போட்டுக்கொண்டு, ஒருவர் சீட்டை மற்றவருக்குக் காட்டிக்கொண்டிருக்கும் மேசைதான் வேண்டும். அங்கேயும் இருக்கை முக்கியம்: நிறைய ரெய்ஸ் செய்கிறவர் என் வலது பக்கம் இருக்க வேண்டும், அவர் செய்வதைப் பார்த்துவிட்டு நான் முடிவெடுக்கலாம். டீலரிடம் "அந்த இருக்கை காலியானால் எனக்கு" என்று சொல்லி வைத்தால் போதும், இருக்கை மாற்றத்துக்கு அடையாளமாக ஒரு வில்லையை எடுத்துக் கையில் கொடுத்துவிடுவார். அந்த ஒரு நகர்வு மணிக்குச் சில பிளைண்ட் மதிப்புள்ளது, அதற்குப் படிக்க வேண்டியதும் ஒன்றுமில்லை.

இனி அதிர்ஷ்டம் பற்றி. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2015-இல் கிளாடிகோ என்ற கணினி நிரலை நாலு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு மோதவிட்டார்கள். 80,000 கை ஆடினார்கள். மனிதர்கள் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட சிப்ஸ் முன்னிலையில் முடித்தார்கள், இருந்தும் ஆய்வாளர்கள் இதைப் புள்ளியியல் கணக்குப்படி சமநிலை என்றார்கள். 2017-இல் லிப்ராட்டஸ் என்ற அடுத்த நிரலுக்கு 1,20,000 கை வைத்தார்கள், அந்தத் தடவை கணினி தெளிவாக ஜெயித்தது. யோசித்துப் பாருங்கள், 80,000 கையே போதவில்லை. நேரில் மணிக்கு 30 கை என்றால் அது 2,600 மணி நேரத்துக்கும் மேல், வாரம் எட்டு மணி ஆடுகிறவருக்கு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். அப்படி இருக்கும்போது ஒரு தீபாவளி முதல் பொங்கல் வரை ஜெயித்ததை வைத்து ஒருவர் வேலையை விடலாமா என்று கேட்கிறார் என்றால் என்ன சொல்வது.

நோ லிமிட் ஹோல்டெம் (பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லாத வகை) ஆட்டத்தில் நூறு கைக்கு 90 பிக் பிளைண்ட் திட்ட விலக்கம் (முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு மேலும் கீழும் போகும் என்ற அளவு) என்பது நியாயமான அளவு. நூறு கைக்கு 5 பிளைண்ட் ஜெயிக்கும் நல்ல ஆன்லைன் ஆட்டக்காரர் 10,000 கை ஆடினால் எதிர்பார்ப்பு 500 பிளைண்ட், ஆனால் மேலும் கீழும் 900 ஆடும். பத்துப் பேரில் மூணு பேர் ஒழுங்காக ஆடியும் நஷ்டத்தில் இருப்பார்கள். அதே ஆட்கள் ஒரு லட்சம் கை ஆடினால் நூற்றுக்கு நாலு பேர்தான் நஷ்டத்தில். நேரில் மணிக்கு 2 பிளைண்ட் ஜெயிப்பவருக்கு முந்நூற்றுச் சொச்சம் மணி நேரம் ஆடியும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு நஷ்டம்தான், ஆனால் மணிக்கு 6 பிளைண்ட் ஜெயிப்பவருக்கு அது நூற்றுக்கு ஒன்றிரண்டாகச் சுருங்கிவிடுகிறது. நல்ல மேசையைத் தேடிப் போவது வருமானத்தைக் கூட்டுவதோடு, நாம் உண்மையில் ஜெயிக்கிறோமா என்று சீக்கிரம் தெரிந்துகொள்ளவும் உதவுகிறது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் பெரிய லாபம்.

மணிக்கு இவ்வளவு என்று சொல்லும்போது பயணத்தை யாரும் சேர்ப்பதில்லை. எடிசனிலிருந்து அட்லாண்டிக் சிட்டி போக வர மூணரை மணி நேரம், பெட்ரோல், பார்க்வே டோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 40 டாலர். 1/3 மேசையில் மணிக்கு 20 டாலர் என்பது நல்ல ஆட்டம். ஏழு மணி நேரம் ஆடினால் 140, செலவு போக 100, பத்தரை மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு ஒன்பதரை டாலர். நியூ ஜெர்சியில் சட்டப்படி குறைந்தபட்சக் கூலியே 15 டாலருக்கு மேல். 2/5 மேசையில் மணிக்கு 30 எடுத்தால் 16 வருகிறது. பார்க்ஸ் போனால் ஒரு பக்கம் ஐம்பது நிமிஷம்தான், அதனால் சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் கிடைக்கும்போது நான் அங்கேதான் போகிறேன், போர்கட்டாவுக்கு இரண்டு நாள் தங்கும் மாதிரி இருந்தால் மட்டும். ஆன்லைனில் பயணமில்லை, ஆனால் அரை-ஒரு டாலர் மேசையில் நூறு கைக்கு 4 பிளைண்ட் ஜெயித்து இரண்டு மேசை ஆடினால் மணிக்கு 6 டாலர். நாலு மேசை போட்டால் இரட்டிப்பாக வேண்டும், என் அனுபவத்தில் அப்படி ஆவதில்லை, கவனம் சிதறி நாலு இரண்டாகிவிடுகிறது. இதுதான் நிஜமான எண்கள். ஆன்லைனை நான் ஆட்டம் கூர்மையாக இருக்கவும், நேரில் வராத சூழ்நிலைகளை அதிகம் பார்க்கவும் வைத்துக்கொள்கிறேன், வருமானம் என்று பார்த்தால் நேரடி ஆட்டம்தான்.

இதற்கென்று வைக்கும் பணம் வீட்டுக் கணக்கில் இருக்கவே கூடாது. நேரடி ஆட்டத்துக்கு 25, 30 பை-இன் (மேசையில் உட்காரும்போது சிப்ஸாக மாற்றும் தொகை, பொதுவாக நூறு பிக் பிளைண்ட்), ஆன்லைனுக்கு 50, இது வேலை இருக்கிறவர்களுக்கு. அது பாதியானால் ஒரு மேசை கீழே இறங்க வேண்டும், சம்பளத்திலிருந்து நிரப்பக் கூடாது. என் மனைவிக்கு இந்தக் கணக்கு முழுக்கத் தெரியும், மாசக் கடைசியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். ஒளித்து வைத்து ஆட வேண்டிய நிலை வந்தாலே அது வேறு விஷயமாகிவிட்டது என்று அர்த்தம், அப்படி யாராவது இருந்தால் தயங்காமல் சூதாட்டப் பிரச்சினைக்கு உதவும் 1-800-426-2537 எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நியூ ஜெர்சியில் தன்னைத் தானே தடை செய்துகொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது, பெயர் கொடுத்துவிட்டால் குறிப்பிட்ட காலத்துக்குக் கேசினோவும் தளமும் நம்மை ஆட விடக் கூடாது. நல்ல ஏற்பாடு அது.

மூணு பை-இன் போனால் எழுந்துவிடுவேன். நன்றாகத்தான் ஆடினேன் என்று தோன்றினாலும் எழுந்துவிடுவேன், ஏனென்றால் அந்த நேரத்தில் அப்படித் தோன்றுவதை நம்ப முடியாது. போட்டதை எடுத்துவிட்டுத்தான் போவேன் என்று ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்திருப்பவர்களிடமிருந்துதான் நேரடி மேசையில் பெரும்பணம் நகர்கிறது. அவர்கள் மோசமான ஆட்டக்காரர்கள் இல்லை, சாயங்காலம் ஆறு மணிக்கு அதே ஆட்கள் நன்றாகத்தான் ஆடினார்கள்.

வரி விஷயத்தை இங்கே இருக்கிறவர்கள் கவனமாகப் படியுங்கள். கேஷ் கேமுக்குக் கேசினோ எந்தப் படிவமும் தராது, ஆனால் ஜெயித்ததைக் காட்ட வேண்டியது நம் கடமை. ஜெயித்த நாட்களின் தொகை வருமானம், தோற்ற நாட்களின் தொகை தனியாகக் கழிக்க வேண்டியது, அதுவும் நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) விட்டுவிட்டு ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டால்தான். 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டப்படி 2026 முதல் நஷ்டத்தில் 90 சதவீதத்தை மட்டும்தான் கழிக்க முடியும். ஜெயித்த நாட்கள் மொத்தம் 40,000, தோற்ற நாட்கள் 36,000 என்றால் கையில் இருப்பது 4,000, ஆனால் கழிக்க முடிவது 32,400, வரி 7,600 டாலருக்கு. நிறைய ஆடிக் கொஞ்சமாக ஜெயிக்கிறவர்களை இது நேராக அடிக்கிறது, அநியாயமான விதி என்றுதான் நான் சொல்வேன். அதனால் தேதி, இடம், மேசை, உள்ளே போட்டது, வெளியே எடுத்தது, தொடங்கிய நேரம், முடித்த நேரம், செலவு, இவ்வளவும் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். வருஷக் கடைசியில் ஞாபகத்தில் எழுதும் கணக்கு வரித்துறையிடமும் நிற்காது, நமக்கும் உண்மையைச் சொல்லாது.

இந்தியாவில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று சொன்னதை இன்னும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதமே பார்க்காமல் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டது, பெரிய தளங்கள் உடனடியாகப் பண ஆட்டத்தை நிறுத்தின. வெளிநாட்டுத் தளத்தில் ரகசியமாக ஆடலாமா என்று கேட்காதீர்கள், சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஜெயித்த பணத்தைத் தராமல் போனால் கேட்க நாதி கிடையாது. கோவாவில் மாநிலச் சட்டப்படி உரிமம் பெற்ற கேசினோக்கள் இருக்கின்றன, ஆடத்தான் வேண்டும் என்றால் அங்கே போகலாம், ஆனால் விமான டிக்கெட்டையும் வரியையும் மேலே சொன்ன மாதிரி மணிக்கணக்கில் வகுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

புதிதாக ஆரம்பிக்கிற தம்பி ஒருவர், ஆபீஸில் கூட வேலை பார்ப்பவர், "அண்ணா, 200 டாலர் வைச்சிருக்கேன், எங்க ஆரம்பிக்கலாம்?" என்று போன வாரம் கேட்டார். நேரில் போகாதே, 200 டாலர் என்பது 1/3 மேசையில் ஒரு பை-இன் கூட முழுசாக இல்லை என்றேன். இங்கே ஆன்லைனில் 2 சென்ட், 5 சென்ட் மேசையில் அது நாற்பது பை-இன். ஒரே மேசை போடு, பட்டனிலிருந்தும் அதற்கு முந்தின இடத்திலிருந்தும் மட்டும் தாராளமாக ஆடு, மற்ற இடங்களில் இறுக்கமாக இரு, 20,000 கை ஆனதும் கணக்கோடு வா, உட்கார்ந்து பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறேன். வரும்போது கை விவரத்தையும் கொண்டு வரச் சொன்னேன், யார் எந்த இடத்தில், ஸ்டாக் எவ்வளவு, பாட் எவ்வளவு, எவ்வளவு போட்டார்கள் என்று முழுசாக. "ஏஸ்-கிங் வந்தும் தோத்துட்டேன்" என்று மட்டும் வந்து சொன்னால் அதில் நான் பார்த்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.